நரம்புதானே

போன வாரம் தேவராசாவை ஸ்கான் அறை வாசலில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். மனிதனை அங்கேயே மறந்துவிட்டதாக யாரும் கோபிக்க வேண்டாம். படம் எடுத்து முடிந்ததும், முடிவை மறுநாள் சொல்வதாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த கையோடு பாணும் மீன்சொதியும் சாப்பிட்டு, வழக்கத்துக்கு மாறாக இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். இப்படிப் பசிக்கிற மனிதனுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இருக்காது என்று அவருடைய மனைவி செபஸ்தியம்மா தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று கிழமைக்கு முன், குருநகர் இறங்குதுறையில் மீன்பிடி வோட்டைக் கரைக்கு எடுக்கும்போது, மகன் றெஜி கயிற்றைச் சட்டென்று இழுத்தான். தண்ணீரில் தொய்ந்து கிடந்த கயிறு விறைத்து எழும்பி, குனிந்து நின்ற தேவராசாவின் கழுத்தில் இடது பக்கமாக அடித்தது. கொஞ்ச நாள் சிவந்து கிடந்தது. சிவப்புப் போனது, நோ போகவில்லை. பிறகு இடது காதுக்குள் ஒரு சத்தம் குடிவந்தது. அதற்குப் பிறகு இடது கண்ணின் இமை கொஞ்சம் கீழே இறங்கியது.

"அப்பா ஆருக்கோ கண்ணடிக்கிறார்" என்று வீடே சிரித்தது. தேவராசாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரிக்காத ஒரே ஆள், மகள் ஷெரோன் வேலை செய்யும் திருநெல்வேலிக் கண்ணாடிக் கடைக்குக் கிழமைக்கு ஒரு நாள் வந்துபோகும் கண் டொக்டர். கண்ணாடி வாங்கப் போன மனிதனை அவர்தான் கண்ணாடி இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

காதுச் சத்தத்தைப் பற்றித் தேவராசாவிடம் கேட்டால் விளக்கமாகச் சொல்வார். கடலில் தூரத்தே ஒரு வோட், எஞ்சினை நிறுத்தாமல் நின்றால் எப்படிக் கேட்குமோ அப்படி. இரவும் பகலும் ஒரே சீராக. அந்தச் சத்தம் தொடங்கிய நாளிலிருந்து அவருடைய வலது கை ஆட்காட்டி விரல், அவருக்கே தெரியாமல், அதற்குத் தாளம் போடத் தொடங்கியிருந்தது. முழங்காலில், கதிரைக் கையில், சாப்பாட்டுக் கோப்பையின் விளிம்பில்.

"ஆருக்கு உந்தத் தந்தி அடிக்கிறியள்?" என்று செபஸ்தியம்மா கேட்பார். அவர் வெட்கப்பட்டு விரலை மடக்குவார். கொஞ்ச நேரத்தில் விரல் திரும்பவும் தொடங்கிவிடும்.

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

*

செபஸ்தியம்மா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. கையை அவசரமாகச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். செதில் ஒன்று போனில் ஒட்டிக்கொண்டது அவருக்குத் தெரியாது.

பேசியது டொக்டர் தர்சினி. இளம் டொக்டர், சண்டிலிப்பாய்ப் பிள்ளை. தன் ஊர்ச் சனங்களோடு பேசிப் பழகியவர். விளங்காத சொல்லைச் சொல்லி யாரையும் பயப்படுத்தக் கூடாது என்பதில் அவருக்குப் பிடிவாதம் உண்டு.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. அய்யாவின்ரை படம் பாத்தனாங்கள். மூளையிலை இப்ப ஒண்டும் இல்லை. ஆனால் கழுத்து நரம்பிலை ஒரு வீக்கம் இருக்கு. அதைச் சும்மா விடேலாது. இண்டைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ, ஆஸ்பத்திரி வாட்டிலை மறிச்சு வைச்சுப் பாக்க வேணும்."

"நரம்பிலையோ டொக்டர்?"

"ஓம் அம்மா. கழுத்து நரம்பு."

"மூளையிலை ஒண்டும் இல்லைத்தானே?"

"இப்ப இல்லை. அதுதான் கெதியா வரச் சொல்லுறன்."

நரம்பு என்பது எங்கள் ஊரில் ஓய்வில்லாமல் உழைக்கும் சொல். கையில் பச்சையாகப் புடைத்து நிற்பதும் நரம்பு. ஊசி போட நேர்ஸ் தட்டித் தட்டித் தேடுவதும் நரம்பு. கால் பிரண்டால் நோவதும் நரம்பு. சீனி வருத்தக்காரருக்குப் பாதம் எரிந்தால், அதுவும் நரம்பு. டொக்டர் ஒரு நரம்பைச் சொன்னார். செபஸ்தியம்மா வேறொரு நரம்பைக் கேட்டார். இரண்டு பேருமே நல்ல மனதோடுதான் பேசினார்கள், அதுதான் இதில் கொடுமை.

போனை வைத்ததும் செபஸ்தியம்மா மீனை மறந்துவிட்டார். சந்தோசத்தால். படம் எடுக்க வேண்டும் என்று சொன்ன நாள் முதல் அவர் தலைக்குள் என்னென்னவோ வளர்ந்திருந்தது. மூளையில் கட்டி, மூளையில் கிழிவு, கொழும்பு ஆஸ்பத்திரி, வெள்ளைத் துணி. அதெல்லாம் ஒரே சொல்லில் கரைந்து போயிற்று.

சுவரில் இருந்த அந்தோனியார் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார். "அந்தோனியாரே, உமக்குத் தோத்திரம். நரம்புதானே. நரம்புதானே." கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

பிறகு எழும்பினார். எழும்பியதும் மூளை சுறுசுறுப்பாக வேலை செய்யத் தொடங்கியது. நரம்பு வீங்கினால் என்ன செய்வார்கள்? எண்ணெய் போட்டு உருவுவார்கள். றெஜி பந்தடிக்கப் போய்க் கணுக்காலைப் பிரட்டிக்கொண்டு வந்தபோது, புத்தூர் நாட்டு வைத்தியர், பரியாரியார் குகதாசன் அப்படித்தானே உருவிவிட்டார், மூன்றாம் நாள் பெடியன் திரும்பவும் பந்தடிக்கப் போகவில்லையா? ஆஸ்பத்திரிக்குப் பின்னேரம் போகலாம். அதற்கு முன்னம் வீக்கத்தை வற்றப் பண்ணிவிட்டால் டொக்டருக்கும் வேலை மிச்சம்.

"றெஜி, அப்பாவைப் புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போ. நரம்பு வீக்கமாம், வேறை ஒண்டும் இல்லையாம்."

றெஜி கிணற்றடியில் நின்றான். இந்த மூன்று கிழமையும் அவன் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை. கயிற்றை இழுத்த கை தன் கை என்பதை அவனால் விழுங்க முடியவில்லை. தாய் சொன்னது காதில் விழுந்ததும் ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் மோட்டச்சைக்கிளை எடுத்தான்.

தேவராசா சேட்டுப் போட்டுக்கொண்டு, மேல் பொத்தானைப் பூட்டாமல் விட்டார். செபஸ்தியம்மா கோயிலில் மந்திரித்த எண்ணெய்ப் போத்தலை அவருடைய பொக்கற்றுக்குள் வைத்தார்.

"பரியாரியாரிட்டைச் சொல்லுங்கோ, இந்த எண்ணெயைப் போட்டு உருவச் சொல்லி."

"அவர் சைவக்காரன் எல்லே?"

"எண்ணெய்க்கு அது தெரியுமே?" என்றார் செபஸ்தியம்மா.

மோட்டச்சைக்கிள் ஒழுங்கை திரும்பி மறைந்தது. பின்னால் இருந்த தேவராசாவின் விரல் மகனுடைய தோளில் தாளம் போட்டுக்கொண்டு போனது.

*

ஷெரோன் கடைக் கண்ணாடி அலுமாரியைத் துடைத்துக்கொண்டு நின்றபோது தாயின் அழைப்பு வந்தது.

"பிள்ளை, நரம்புதானாம்" என்றுதான் செபஸ்தியம்மா தொடங்கினார். "ஆராவது கேட்டால் சொல்லு, அப்பாவுக்கு ஒண்டும் இல்லையெண்டு. அண்ணையோடை புத்தூருக்கு அனுப்பிப்போட்டன், உருவிக்கொண்டு வர."

ஷெரோனுக்கும் முதலில் சந்தோசம்தான் வந்தது. துடைத்த துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு அந்தக் கண் டொக்டரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அப்பாவின் கண்ணுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்துவிட்டு, அவர் சிறிய விளக்கை மெல்ல அணைத்த விதம். ஒரு நரம்பு பிசகினதுக்கு ஒரு டொக்டர் அப்படி மௌனமாக மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

"அம்மா, டொக்டர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சொல்லுங்கோ."

"அதுதான் சொன்னனே. மூளையிலை ஒண்டும் இல்லை. கழுத்து நரம்பிலை வீக்கம்."

"வேறை?"

"இண்டைக்கே வாட்டிலை மறிக்க வேணுமாம். அது அவை எல்லாருக்கும் சொல்லுறதுதானே."

ஷெரோன் ஆஸ்பத்திரி இலக்கத்துக்கு அடித்தாள். டொக்டர் தர்சினி தொடர்பில் வரச் சிறிது நேரம் பிடித்தது. அதற்குள் ஒரு வாடிக்கையாளருக்கு மூக்குக் கண்ணாடி ஒன்றைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டாள்.

"டொக்டர், நான் தேவராசாவின்ரை மகள் ஷெரோன். கழுத்து நரம்பு வீக்கத்துக்கு எண்ணெய் போட்டு உருவலாமோ?"

அந்தப் பக்கம் ஒரு கதிரை பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"உருவுறதோ? ஆர் உருவச் சொன்னது?"

"நரம்பெண்டு சொன்னபடியால் அம்மா பரியாரியாரிட்டை அனுப்பிப்போட்டா."

டொக்டர் தர்சினி திரும்பப் பேசியபோது குரல் நிதானமாக இருந்தது.

"ஷெரோன், அது என்ரை பிழை. விளங்கட்டும் எண்டு நரம்பெண்டு சொல்லிப்போட்டன். அது இரத்தக் குழாய். இருதயத்திலை இருந்து மூளைக்கு இரத்தம் கொண்டுபோற பெரிய குழாய். கயிறு அடிச்சதிலை அதின்ரை உள்பக்கம் கிழிஞ்சிருக்கு. ரயர் வெடிச்ச சைக்கிளிலை ரியூப் வெளியாலை தள்ளிக்கொண்டு நிக்குமே, அது மாதிரி ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு நிக்குது. அதை அழுத்தினால் வெடிக்கலாம். இல்லாட்டில் உள்ளுக்கை இருக்கிற இரத்தக் கட்டி கழண்டு மூளைக்குப் போகலாம். விளங்குதோ?"

"ஓம்."

"உருவவே கூடாது. கழுத்தைத் திருப்பவும் விடாதேங்கோ. அவர் இப்ப எங்கை?"

"புத்தூர் போற வழியிலை. மோட்டச்சைக்கிளிலை."

"அண்ணைக்கு அடிச்சு நிப்பாட்டச் சொல்லுங்கோ. பரியாரியாரின்ரை இடத்தைச் சொல்லுங்கோ, அம்புலன்சை அங்கை அனுப்பச் சொல்லுறன். அப்பாவைத் திரும்ப மோட்டச்சைக்கிளிலை ஏத்த வேண்டாம்."

ஷெரோன் இடம் சொன்னாள். புத்தூர்ச் சந்திக்கு அங்கால், வெங்காயத் தோட்டத்தோடு இருக்கும் வீடு. கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

"இன்னொண்டு. அப்பா காதுக்கை ஒரு சத்தம் சொல்லுறவர் எல்லே? அது, ஒடுங்கின வழியாலை இரத்தம் போற சத்தம். சத்தம் கேக்குமட்டும் இரத்தம் போகுது. சட்டெண்டு நிண்டால் சுகமெண்டு நினைச்சுப்போடாதேங்கோ. சுகமாயும் இருக்கலாம், குழாய் அடைபட்டதாயும் இருக்கலாம். உடனை எனக்கு அடியுங்கோ. இடது பக்கக் குழாய் எண்டபடியால் வலது பக்கத்தைத்தான் பாக்க வேணும். வாய் கோணுதோ, கதை குழறுதோ, ரெண்டு கையையும் தூக்கச் சொன்னால் வலது கை விழுதோ. பாத்துக்கொள்ளுவியளோ?"

"பாப்பன் டொக்டர்."

றெஜியின் இலக்கத்துக்கு அடித்தாள். எடுத்தது அம்மா.

"அண்ணை போனைச் சார்ச்சிலை விட்டிட்டுப் போட்டான் பிள்ளை. ஏன்?"

ஷெரோன் ஒரு கணம் யோசித்தாள். அம்மாவுக்குப் பிரசர் இருக்கிறது. வீட்டில் தனியாக நிற்கிறார். அம்மாவின் குரலில் இருந்த அந்தச் சந்தோசத்தைப் போனிலேயே உடைத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

"ஒண்டும் இல்லையம்மா. உருவ வேண்டாமாம், நேரை ஆஸ்பத்திரிக்கு வரட்டாம். நான் போய்ச் சொல்லுறன்."

"எண்ணெய் எண்டாலும் பூசலாமெல்லே?"

"நான் பாக்கிறன் அம்மா."

கடை முதலாளி சிவகரன் காரணம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வீதிக்கு இறங்கித் தானே ஓட்டோவை மறித்தார்.

*

பரியாரியார் வீட்டு மாலில், வருத்தக்காரர் காத்திருக்கும் முன் கொட்டகையில், உட்கார இரண்டு வாங்குகள் போட்டிருந்தன. சனம் நிறைந்திருந்தது. வேலிக்கு அப்பால் வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் இறைப்பு மிசின் ஓடிக்கொண்டிருந்தது. தேவராசாவுக்கு அது வலது காதில் கேட்டது. இடது காதில் அவருடைய சொந்த எஞ்சின்.

றெஜிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும்புவான், எட்டிப் பார்ப்பான், திரும்ப வந்து இருப்பான்.

"அப்பா, இப்ப உங்கடை முறை."

"அந்தக் குழந்தை அழுகுது. முதல் போகட்டும்."

கையில் கட்டுப் போட்ட குழந்தையும் தாயும் போனார்கள். அடுத்து இடுப்புப் பிடித்த கமக்காரர் ஒருவர். தேவராசா அவருக்கும் வழி விட்டார். அதற்கடுத்து முழங்கால் நோவோடு ஓர் ஆசிரியை. அவருக்கும் விட்டார். பேருந்துக்கு நேரமாகிறது என்று சொன்ன ஒருவருக்கும் விட்டார்.

"ஏனப்பா இப்பிடிச் செய்யிறியள்?"

"எனக்கென்ன அவசரம். ஆறுதலாப் போவம்."

அவசரம் இல்லாமல் இல்லை. தேவராசாவுக்குப் பயம். இதை நான் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சூறாவளியில் ஓர் இரவு முழுக்கக் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்த மனிதன், ஒருவர் தன் கழுத்தில் கை வைக்கப் போகிறார் என்றதும் வியர்த்துக்கொண்டு இருந்தார். கயிறு அடித்த நாளிலிருந்து கழுத்தில் சேட்டுக் கொலர் பட்டாலே அவருக்கு உடம்பு கூசும். சவரம் செய்யக்கூட இரண்டு கிழமையாகப் பஞ்சியென்று சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டு இருக்கிறார்.

அதை மகனிடம் சொல்ல முடியாது. சொன்னால் அவன் திரும்பவும் அந்தக் கயிற்றைப் பார்ப்பான். ஏற்கெனவே போதுமான அளவு பார்த்துவிட்டான். அதனால்தான் தேவராசா அன்று புத்தூரில் அவ்வளவு பெரிய மரியாதைக்காரராக இருந்தார்.

ஆனால் மரியாதைக்கும் ஆள் வேண்டும். கடைசியில் வாங்கில் அவரும் றெஜியும் மட்டும் மிஞ்சினார்கள்.

"வாங்கோ" என்றார் பரியாரியார் குகதாசன். அமைதியான மனிதர். தேவராசாவை முக்காலியில் இருத்தினார். தேவராசா பொக்கற்றிலிருந்து போத்தலை எடுத்தார்.

"வீட்டுக்காரி தந்துவிட்டவ. அந்தோனியார் கோயில் எண்ணெய்."

பரியாரியார் போத்தலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்லது. இதையே போடுவம். எங்கை நோ?"

"இடப்பக்கம். நரம்பு வீங்கியிருக்காம்."

பரியாரியார் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்துச் சூடாக்கினார். தேவராசா கண்ணை மூடினார். விரல் முழங்காலில் வேகமாகத் தட்டியது.

வெளியே ஓட்டோ ஒன்று நின்றது.

"ஐயா, தொடாதேங்கோ."

ஷெரோன் சத்தம் போடவில்லை. ஓடிவந்த மூச்சில் அந்தச் சொல் அரைவாசிதான் வெளியே வந்தது. பரியாரியார் கையை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"கழுத்திலை கை வைச்சிட்டியளோ ஐயா?"

"இல்லைப் பிள்ளை. இப்பத்தான் எண்ணெய் எடுத்தன்."

ஷெரோன் மாலின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. வர விட்டாள். நல்ல பிள்ளை, கொஞ்ச நேரம்தான் அழுதாள்.

பிறகு சொன்னாள். நரம்பில்லை, இரத்தக் குழாய். உள்ளே கிழிந்திருக்கிறது. அம்புலன்ஸ் வருகிறது. சொல்லச் சொல்ல, தகப்பனுடைய முகத்தை மட்டும் பார்த்துச் சொன்னாள். றெஜி இருந்த பக்கம் திரும்பவில்லை.

"என்னட்டை நரம்பெண்டுதானே சொன்னவை" என்றார் பரியாரியார். கையிலிருந்த எண்ணெயை மெல்லத் துவாயில் துடைத்தார். "நேரத்துக்கு வந்தாய் பிள்ளை. அய்யாவை வாங்கிலை படுக்க விடுவம்."

மூவருமாக அவரை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். கழுத்து ஆடாமல் இருக்கத் தலையின் இரண்டு பக்கமும் மடித்த துவாய்களை வைத்தார் பரியாரியார்.

றெஜி வாங்கின் கால்மாட்டில் நிலத்தில் இருந்துவிட்டான்.

"நான்தான் இழுத்தது" என்றான்.

"கடல் கயிறு" என்றார் தேவராசா, கூரையைப் பார்த்தபடி. "ஆரின்ரை கையிலை இருந்தாலும் அடிக்கும். உன்ரை கொப்பர் நானும் ஒருக்கால் குனியாமல் நிண்டிருக்கலாம்தானே. விடு."

றெஜி தகப்பனுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

ஷெரோன் டொக்டருக்கு அடித்து, ஒருவரும் தொடவில்லை என்று சொன்னாள். "கடவுளே" என்ற ஒரு சொல்லை மட்டும் டொக்டர் மிக மெதுவாகச் சொன்னார். அம்புலன்ஸ் கோப்பாய் தாண்டிவிட்டதாம்.

"அப்பா, இவ்வளவு சனத்தையும் ஏன் முன்னுக்கு விட்டனீங்கள்?" ஷெரோன் குனிந்து கேட்டாள். ஆசிரியையின் கதை அவளுக்கு ஓட்டோவை விட்டு இறங்கும்போதே தெரிந்துவிட்டது. படலையடியில் நின்ற அந்த ஆசிரியைதான், "உங்கடை அப்பாவோ? எல்லாரையும் முன்னுக்கு விட்டவர், சரியான நல்ல மனிசன்" என்று வழி காட்டியவர்.

தேவராசா றெஜி பக்கம் கண்ணை ஓட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "பயமா இருந்துது பிள்ளை."

"நல்ல காலம் பயந்தியள்" என்றாள் ஷெரோன். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். வாய் நேராகத்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டாள்.

"கொம்மா கேப்பா, எண்ணெய் போட்டதோ எண்டு" என்றார் அவர். "பொய் சொல்லேலாது. கோயில் எண்ணெய்."

ஷெரோன் போத்தலில் சுண்டுவிரல் நுனியைத் தோய்த்தாள். கழுத்துப் பக்கம் போகவே இல்லை. நெற்றியில், அழுத்தாமல், சின்னதாக ஒரு சிலுவை கீறினாள். தேவராசா கண்ணை மூடி ஏற்றுக்கொண்டார். பக்கத்தில் நின்ற பரியாரியாரும் கை கூப்பினார்.

போன் அடித்தது. அம்மா. ஷெரோன் எல்லாருக்கும் கேட்கும்படி போட்டு வாங்கில் வைத்தாள்.

"என்ன பிள்ளை, எண்ணெய் போட்டதோ?"

"போட்டது அம்மா. நெத்தியிலை."

"நெத்தியிலையோ? நோ கழுத்திலையெல்லே?"

"அது காணும் செபஸ்தி" என்றார் தேவராசா. "உன்ரை மகள் வடிவாப் பூசினவள்."

வெயில் மாலுக்குள் ஏறத் தொடங்கியிருந்தது. ஷெரோன் தகப்பனுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கின் பலகையில் விரல் தட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாளத்தை வீட்டில் எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பார்கள். இப்போது அது கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. தட்டட்டும் அப்பா என்று மனதுக்குள் சொன்னாள். ஆஸ்பத்திரி வரைக்கும் தட்டிக்கொண்டே வாருங்கோ.

விரல் நின்றது.

ஷெரோன் காத்திருந்தாள். விரல் அசையவில்லை.

"நிண்டிட்டுது" என்றார் தேவராசா.

"என்ன அப்பா? இறைப்பு மிசினோ?"

"இல்லைப் பிள்ளை. அது ஓடுது. வடிவாக் கேக்குது." அவர் கண்ணை அகலத் திறந்து கூரையைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இது நிண்டிட்டுது. என்ரை காதுச் சத்தம். பாத்தியே, ஒரு துளி எண்ணெய்தான்."

போனில் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "சத்தம் நிண்டிட்டுதோ? அந்தோனியாரே, உமக்குத் தோத்திரம். அந்தோனியாரே..."

காலையில் படத்துக்கு முன்னால் கேட்ட அதே குரல். அதே கண்ணீர். றெஜி நிலத்தில் இருந்து நிமிர்ந்து பார்த்தான். மூன்று கிழமைக்குப் பிறகு அவன் முகம் முதல் தரம் மலர்ந்தது. தூரத்தே, சந்திப் பக்கம், அம்புலன்சின் ஊதல் கேட்கத் தொடங்கியது.

"அப்பா, ரெண்டு கையையும் ஒருக்காத் தூக்குங்கோ பாப்பம்."

"ஏன், பூசை வைக்கவோ?" என்று சிரித்தபடி தேவராசா இரண்டு கையையும் கூரையை நோக்கித் தூக்கினார்.

ஷெரோனும் சிரித்தாள். தாயின் செபம் முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை. அழைப்பை வெட்டினாள். பார்க்காமலே டொக்டரின் இலக்கத்தை அழுத்தினாள். கண்ணை மட்டும் அப்பாவின் வலது கையிலிருந்து எடுக்கவில்லை.